மூன்று வாரம் தாண்டியும் விடாத காய்ச்சல்: நாலு கிளினிக், ஒரு பெரியாஸ்பத்திரி, எங்கள் அனுபவம்

பெரியவர்களுக்கு வரும் காய்ச்சல் வாரக்கணக்கில் இழுத்தால் எந்த டாக்டரிடம் போவது என்று போன மாதம் மட்டும் இரண்டு பேர் என்னிடம் கேட்டார்கள். வாட்ஸாப்பில் அரைகுறையாகச் சொன்னேன். இப்போது உட்கார்ந்து முழுசாக எழுதுகிறேன், ஏனென்றால் என் வீட்டுக்காரர் இந்த வருடம் பொங்கல் முடிந்த வாரத்திலிருந்து ஒரு மாதத்துக்கு மேல் காய்ச்சலோடு கிடந்தார், அதில் மூன்றரை வாரம் நாங்கள் சரியான இடத்துக்கே போகவில்லை.

மலேசியாவில், பேராக் மாநிலத்தில் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கிற சின்ன ஊர் எங்களுடையது. ஊர்ப் பெயரையும் கிளினிக் பெயர்களையும் போடவில்லை. யாரையும் மாட்டிவிடுவது என் நோக்கம் இல்லை. அவருக்கு 49 வயது, தோட்டத்தில் லாரி ஓட்டுகிறார், சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை, சளி பிடித்தால்கூட எம்.சி. (மருத்துவ விடுப்பு) எடுக்காத மனிதர்.

முதல் தனியார் கிளினிக், காய்ச்சலின் மூன்றாம் நாள். எங்கள் பக்கம் காய்ச்சல் என்றாலே டெங்கிதான் முதலில் நினைவுக்கு வரும், அதனால் டெங்கியைக் கண்டுபிடிக்கும் என்.எஸ்.1 ரத்தப் பரிசோதனை செய்தார்கள், இல்லை என்று வந்தது. பானடோல் (பாராசிட்டமால்) கொடுத்து, நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லி, மறுநாள் ரத்தம் பார்க்க வரச் சொன்னார்கள். மறுநாளும் ரத்தத்தட்டு (பிளேட்லெட்) சரியாகவே இருந்தது. இந்த கிளினிக் மேல் எனக்குக் குறை இல்லை. மூன்று நாள் காய்ச்சலுக்கு அதற்கு மேல் என்ன செய்வார்கள்?

இரண்டாவது கிளினிக்கில்தான் எனக்கு வருத்தம். ஒன்பதாம் நாள் போனோம். டாக்டர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. தொண்டையைப் பார்த்தார், "வைரல்" என்றார், இடுப்பில் ஓர் ஊசி, ஐந்து நாளுக்கு ஆன்டிபயோட்டிக், 85 வெள்ளி (ரிங்கிட்). ஊசி போட்ட அன்று ராத்திரியே காய்ச்சல் இறங்கி அவர் எழுந்து சோறு சாப்பிட்டதும் நாங்கள் அந்த டாக்டரைக் கையெடுத்துக் கும்பிடாத குறை. நாலு நாள் கழித்து சாயங்காலம் ஐந்து மணிக்கு மறுபடியும் குளிர், நடுக்கம், 39. திரும்பிப் போனோம், வேறு ஆன்டிபயோட்டிக், இன்னோர் ஊசி. என்ன ஊசி என்று கேட்டதற்கு "காய்ச்சலுக்கு" என்றார்கள். இன்றுவரை அது என்ன மருந்து என்று எங்களுக்குத் தெரியாது. பின்னால் பெரியாஸ்பத்திரியில் அதைத்தான் முதலில் கேட்டார்கள், ஸ்டீராய்டு போட்டிருந்தால் காய்ச்சலை அமுக்கிவிட்டு உள்ளே இருக்கிற கிருமிக்கு வழிவிட்டுவிடுமாம், எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. தயவுசெய்து எந்த கிளினிக்கிலும் ஊசியின் பெயரையும் மாத்திரையின் பெயரையும் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இதற்கு நடுவில் வீட்டு வைத்தியம். டெங்கி இல்லை என்று சீட்டு வந்தும் யாரும் நம்பவில்லை. டெங்கிக்கு ஆட்டுப்பால் குடித்தால் ரத்தத்தட்டு ஏறும் என்று நம் நாட்டில் ஒரு பேச்சு உண்டு, ஒவ்வொரு டெங்கி சீசனிலும் ஆட்டுப்பால் விலை ஏறிவிடும். எங்களுக்கு விலைகூடக் கொடுக்க வேண்டியதில்லை, பழைய லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு)ப் பின்னால் மச்சான் ஆட்டுக்கொட்டகை வைத்திருக்கிறார். காலையில் கறந்த பால் ஒரு கிளாஸ், ராத்திரி ஒரு கிளாஸ், காய்ச்சினால் சத்துப் போய்விடும் என்று பச்சையாகவே. நான்தான் என் கையால் கொடுத்தேன். காய்ச்சல் வருவதற்கு முன்னாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் கொட்டகைக்குப் போய் ஆடுகளுக்குத் தழை அறுத்துப் போட்டுவிட்டு, அங்கேயே ஒரு டம்ளர் குடித்துவிட்டு வருவது அவர் வழக்கம்.

பதினெட்டாம் நாள் மூன்றாவது கிளினிக், பக்கத்துப் பெரிய ஊரில். ரத்தப் பரிசோதனைப் பட்டியல் ஒன்றை நீட்டி, மொத்தமாகச் செய்தால் 480 வெள்ளி என்றார்கள். செய்தோம். கொலஸ்ட்ரால், யூரிக் ஆசிட், தைராய்டு, புற்றுநோய்க் குறிகாட்டிகள் என்று ஆறு பக்கத்துக்குச் சீட்டு வந்தது, கல்லீரல் எண்கள் கொஞ்சம் கூட இருந்ததைத் தவிர வேறொன்றும் இல்லை. காய்ச்சலுக்காக வந்தவருக்கு ரத்தத்தில் கிருமி முளைக்கிறதா என்று பார்க்கிற கல்ச்சர் மட்டும் அந்தப் பட்டியலில் இல்லை. எங்களுக்கு அப்போது அது தெரியாது, ஆறு பக்கம் என்றதும் எல்லாமே பார்த்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டோம்.

இந்த வருடம் தைப்பூசத்துக்கு ஈப்போ குனோங் சீரோ கோயிலுக்குப் பால்குடம் எடுக்க வேண்டியவர், 14 வருடத்தில் முதல் முறையாகப் போகவில்லை. பெல்ட்டில் புது ஓட்டை போட வேண்டிய அளவுக்கு இளைத்திருந்தார். ராத்திரி வியர்வையில் தலையணை உறை நனைந்து, இரண்டு முறை மாற்றுவேன். கீழ் முதுகு வலி வேறு. காலையில் நன்றாகத்தான் இருப்பார், லாரி எடுக்கப் போகிறேன் என்பார், சாயங்காலம் சுருண்டுவிடுவார்.

எங்கள் தாமானில் (குடியிருப்பில்) ஓய்வு பெற்ற டிரஸ்ஸர் (மருத்துவ உதவியாளர்) ஒருவர் இருக்கிறார், தோட்ட ஆஸ்பத்திரியில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். அவர்தான் எங்களை நிறுத்தினார். "இனிமே யார் குடுத்தாலும் ஆன்டிபயோட்டிக் போடாதேம்மா, கண்ட மருந்தைப் போட்டுட்டு ரத்தம் எடுத்தா கிருமி முளைக்காது. ஒரு நோட்டு வாங்கு, காய்ச்சலை எழுது, அரசாங்க கிளினிக்குக்குப் போ" என்றார். அவர் ஒரு பழைய விஷயமும் சொன்னார். செம்பனைத் தோட்டங்களில் புல்லுப் பூச்சி கடித்து வரும் டைபஸ் காய்ச்சலுக்கு மருந்தே இல்லாமல் இருந்த காலத்தில், 1948-இல் கோலாலம்பூர் ஐ.எம்.ஆர். மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில்தான் குளோரம்பெனிகால் என்ற மருந்தைப் போட்டுப் பார்த்தார்களாம், டைபஸ் என்று நினைத்து மருந்து கொடுத்த சிலருக்கு உண்மையில் இருந்தது டைபாய்டு, அதுவும் குணமாகப் போய் இரண்டு நோய்க்கும் மருந்து கிடைத்ததாம். அவர் படிக்கிற காலத்தில் ஒவ்வொரு டிரஸ்ஸரும் தெரிந்து வைத்திருந்த கதை இது. ஆனால் இப்போது அப்படி எதேச்சையாகப் போட்டுப் பார்க்கிற காலம் இல்லை, பார்த்துவிட்டுத்தான் போட வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

மருந்துக்கடையில் 15 வெள்ளிக்கு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கினேன். இந்த ஒரு பொருளுக்கு நான் முழு மதிப்பெண் கொடுப்பேன். காலை ஆறு, பத்து, மதியம் இரண்டு, மாலை ஆறு, ராத்திரி பத்து என்று பானடோல் போடுவதற்கு முன்னால் வைத்துப் பார்த்து, எத்தனை மணிக்கு வியர்த்தது, என்ன சாப்பிட்டார், என்ன மாத்திரை போட்டார் என்று எல்லாம் எழுதினேன். மூன்று நாளிலேயே ஒரு வரிசை தெரிந்தது. காலையில் 36.9, 37, மாலையில் 38.8, 39.2.

இருபத்தைந்தாம் நாள் அரசாங்க கிளினிக். காலை ஆறே முக்காலுக்கு நம்பர் எடுத்தோம், உள்ளே கூப்பிட்டபோது பதினொன்று. குறை என்றால் இதுதான் பெரிய குறை. நாற்காலி போதவில்லை, காய்ச்சல்காரரும் இருமுகிறவரும் கர்ப்பிணியும் ஒரே காற்றாடிக்குக் கீழே உட்கார வேண்டியிருந்தது. கட்டணம் 1 வெள்ளி.

உள்ளே இருந்தவர் இளம் டாக்டர், தமிழ்ப் பெண். நோட்டைக் கையில் வாங்கி ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார், நாங்கள் போன இடங்களில் அதுவரை யாரும் எங்களிடமிருந்து எதையும் வாங்கிப் பார்க்கவில்லை. சட்டையைக் கழற்றச் சொன்னார். கழுத்து, அக்குள், தொடை இடுக்கு என்று நெறிக்கட்டி தேடினார், வயிற்றை அமுக்கி மண்ணீரல் கைக்குத் தட்டுகிறது என்றார். வீட்டில் யாருக்காவது காசநோய் இருந்ததா, காட்டுக்குள் போனீர்களா, வெள்ளத்தில் நடந்தீர்களா, வெளிநாடு போனீர்களா, வீட்டில் பிராணிகள் உண்டா? கடைசிக் கேள்விக்கு என் வீட்டுக்காரர் "பூனை மட்டும்" என்றார். உண்மைதானே, ஆடு மச்சானுடையது. நானும் பக்கத்தில்தான் நின்றேன், எனக்கும் தோன்றவில்லை.

அவர் அன்றைக்கே கடிதம் எழுதிப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார். மருந்து எதுவும் கொடுக்கவில்லை. அப்போது எனக்குக் கோபம்கூட வந்தது, நாலு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்து ஒரு மாத்திரைகூட இல்லாமல் போவதா என்று. இப்போது நினைத்தால் எங்களுக்குக் கிடைத்த நல்ல வைத்தியத்தில் அதுதான் முதலாவது.

பெரியாஸ்பத்திரி, மூன்றாம் வகுப்பு வார்டு, நாளுக்கு 3 வெள்ளி. அன்று ராத்திரியே இரண்டு கையிலிருந்தும் தனித்தனியாக ரத்தம் எடுத்துச் சின்னப் போத்தல்களில் விட்டார்கள், மறுநாள் காய்ச்சல் ஏறுகிற நேரம் பார்த்து இன்னொரு ஜோடி. நிபுணர் மறுநாள் காலையில் வந்தார், கூடவே ஏழெட்டு இளம் டாக்டர்கள். எங்கள் கேள்விகளுக்குக் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து பதில் சொன்னவர் அவர். இப்படிக் காரணம் தெரியாமல் நீளும் காய்ச்சலுக்கு 1961-இல் பீட்டர்ஸ்டார்ப், பீசன் என்ற இரண்டு அமெரிக்க டாக்டர்கள் ஓர் இலக்கணம் வைத்தார்களாம்: 38.3 டிகிரிக்கு மேல் பல தடவை, மூன்று வாரத்துக்கு மேல், ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் வைத்துத் தேடியும் காரணம் பிடிபடாதது. பிற்பாடு அந்த ஒரு வாரத்தை மூன்று நாளாகக் குறைத்துவிட்டார்கள். காரணங்கள் பெரும்பாலும் மூன்று பெட்டிக்குள் அடங்கும் என்றார். கிருமித்தொற்று, உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன்னையே தாக்கும் லூப்பஸ் மாதிரியான நோய்கள், ரத்தத்திலோ நெறிக்கட்டியிலோ வரும் புற்றுநோய்கள். மீதி சில்லறைக் காரணங்கள், சாப்பிடுகிற மருந்தே காய்ச்சலைக் கொடுப்பது உட்பட. அரிய நோய் ஒன்று வந்திருக்கும் என்று பயப்படாதீர்கள், பெரும்பாலும் தெரிந்த நோய்தான் தெரியாத வேஷத்தில் வரும் என்றார். அந்த வார்த்தைக்குப் பிறகுதான் நான் அன்று காலைப் பசியாறினேன்.

அவர் உடம்பைப் பார்த்த விதத்தைச் சொல்லியே ஆக வேண்டும். நகத்தையும் கண் இமையின் உள்பக்கத்தையும் பார்த்தார், பல்லை எண்ணாத குறையாகப் பார்த்தார். சொத்தைப் பல்லிலிருந்து கிருமி போய் இதய வால்வில் உட்கார்ந்துகொள்ளுமாம், அதற்காக இதயத்துக்கு ஸ்கேனும் எடுத்தார்கள். கால் விரல் இடுக்கு, முழங்கால் மடிப்பு, உள்ளாடைப் பட்டை அழுந்துகிற இடம் எல்லாம் டார்ச் அடித்துப் பார்த்தார், டைபஸ் பூச்சி கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்ட மாதிரி ஒரு கருப்புப் பொருக்கு வலிக்காமல் இருக்கும், நோயாளிக்கே தெரியாது. மண்ணிலும் தண்ணீரிலும் இருக்கும் கிருமியால் வரும் மெலியோய்டோசிஸ் இருக்குமோ என்று ஈரலையும் மண்ணீரலையும் ஸ்கேன் எடுத்தார்கள், சர்க்கரைக்காரர்களுக்கும் மண்ணில் வேலை செய்கிறவர்களுக்கும் நம் நாட்டில் அது பெரிய ஆபத்து என்றார், உள்ளே சீழ்க்கட்டி எதுவும் இல்லை. எலிச் சிறுநீர்க் காய்ச்சலுக்கு ரத்தம். காசநோய்க்கு எக்ஸ்ரேயும் சளியும். மலேரியாவுக்கு மூன்று நாள் தொடர்ந்து ரத்தத்தைக் கண்ணாடியில் தடவிப் பார்த்தார்கள். மலேரியா ஒழிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன், மனிதனிடமிருந்து மனிதனுக்குக் கொசு கொண்டுபோகும் மலேரியா 2018-இலிருந்து இங்கே இல்லை, குரங்கிலிருந்து கொசு வழியாக வரும் நோலெசி வகை இன்னும் இருக்கிறது என்று விளக்கினார்.

மூன்றாம் நாள் மதியம் பார்வையாளர் நேரம். என் அத்தை ஊரிலிருந்து பஸ் ஏறி வந்தார், கையில் பிளாஸ்க். மகனுக்கு ஆட்டுப்பால். ஊற்றிக் கொடுக்கும்போது ஹவுஸ்மேன் (பயிற்சி) டாக்டர் ரத்தம் எடுக்க வந்தார், சீனப் பையன், 25 வயதுகூட இருக்காது. "என்ன பால் அங்கிள்?" என்று மலாயில் கேட்டார். ஆட்டுப்பால் என்றதும் ஊசியைத் தட்டில் வைத்துவிட்டார். காய்ச்சினதா, பச்சையா? எத்தனை நாளாகக் குடிக்கிறீர்கள்? ஆடு யாருடையது, ஏதாவது ஆடு குட்டி போட்டதா, செத்துக் குட்டி போட்டதா? டிசம்பரில் இரண்டு ஆடு குறைமாதத்தில் குட்டி போட்டிருந்தது, அதைக் கையால் எடுத்துப் புதைத்தவர் என் வீட்டுக்காரர்தான். பத்து நிமிடத்தில் நிபுணர் திரும்பி வந்துவிட்டார்.

புரூசெல்லோசிஸ். மால்டா காய்ச்சல் என்று பழைய பெயர். 1887-இல் டேவிட் புரூஸ் என்ற ராணுவ டாக்டர் மால்டா தீவில் கிருமியைக் கண்டுபிடித்தார், ஆனால் அது எங்கிருந்து வருகிறது என்று 1905 வரைக்கும் யாருக்கும் தெரியவில்லை. தெமிஸ்டொக்ளிஸ் ஸமிட் என்ற அந்த ஊர் டாக்டர் ஆடுகளைச் சோதித்துப் பார்த்தபோதுதான் நோயே இல்லாதது மாதிரி நிற்கும் ஆட்டின் பாலில் கிருமி இருப்பது தெரிந்தது, சிப்பாய்களுக்கு அந்தப் பாலை நிறுத்தியதும் அவர்களுக்குக் காய்ச்சல் குறைந்துவிட்டது. இங்கேயும் நடந்திருக்கிறது, பினாங்கில் 2011, 2012 வாக்கில் பச்சை ஆட்டுப்பால் குடித்த பலருக்கு இதே நோய் வந்தது. சாயங்காலக் காய்ச்சல், ராத்திரி வியர்வை, முதுகு வலி, இளைப்பு, கொஞ்சம் வீங்கிய மண்ணீரல் என்று என் நோட்டில் இருந்தது எல்லாம் இந்த நோயின் வர்ணனைதான்.

அடுத்து அவர்கள் செய்தது ஆய்வுக்கூடத்துக்கு போன் போட்டுச் சொன்னது. இந்தக் கிருமி மெதுவாக முளைக்கும், சாதாரணமாக எடுத்து வைத்திருக்கும் நாட்களைவிடக் கூடுதலாக வைத்துப் பார்க்க வேண்டியிருக்கும். அதோடு போத்தலைத் திறக்கிறவர் மூச்சில் போனால் அவருக்கும் வந்துவிடும், ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறவர்களுக்குத் தொற்றுகிற நோய்களில் இது முன்வரிசையில் இருக்கிறதாம். ஆறாம் நாள் கிருமி முளைத்துவிட்டது என்று சொன்னார்கள், ரத்தப் பரிசோதனையும் அதையே காட்டியது. நான் மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன். பயத்தில் இல்லை, பெயர் கிடைத்துவிட்டது என்று.

சிகிச்சை ஏழு நாள் ஜென்டாமைசின் ஊசி வார்டிலேயே, ஆறு வாரம் டாக்ஸிசைக்ளின் மாத்திரை காலையும் ராத்திரியும். நாலாம் நாள் சாயங்காலம் 37.1. ஆறு வாரத்தில் ஒரு நாள்கூட விடக் கூடாது, பாதியில் நிறுத்தினால் திரும்பி வரும் என்று மருந்தகத்தில் இருந்த பெண் என்னையும் அவரையும் தனித்தனியாகத் திருப்பிச் சொல்லவைத்துத்தான் அனுப்பினார். நிறையத் தண்ணீரோடு போட வேண்டும், போட்டதும் படுக்கக் கூடாது, பாலோடு போடக் கூடாது, வெயிலில் தோல் சீக்கிரம் கருகும். கடைசியை நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, லாரி ஜன்னல் பக்கம் இருக்கிற வலது கை ஒரே வாரத்தில் சிவந்து உரிந்துவிட்டது. அப்புறம் முழுக்கைச் சட்டை.

பெரியாஸ்பத்திரியில் குறைகள் இருக்கின்றன, சொல்கிறேன். கார் நிறுத்த இடமே கிடைக்காது, நான் தினமும் பத்து நிமிடம் நடந்தேன். நோயாளியோடு தங்குகிறவர்களுக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, அதுவும் முந்துகிறவருக்கு. ரிப்போர்ட் என்ன ஆச்சு என்று கேட்டால் டாக்டர் வருவார் என்பதுதான் பதில், டாக்டர் எப்போது வருவார் என்று மிஸிகளுக்கும் (நர்ஸ்களுக்கும்) தெரியாது. எல்லாம் மலாயிலும் ஆங்கிலத்திலும் நடக்கிறது, என் அத்தைக்கு ஒரு வார்த்தை புரியவில்லை, தன் பால்தான் மகனுக்கு வினையாகிவிட்டதோ என்று மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தார், அதை யாராவது தமிழில் உட்கார்ந்து சொல்லியிருக்கலாம். கடைசியில் ஒரு தமிழ் மிஸிதான் ஓய்வு நேரத்தில் வந்து, "ஆத்தா, பாலை நல்லா பொங்க வச்சா கிருமி செத்துரும், உங்க மேல ஒரு தப்பும் இல்ல" என்று கையைப் பிடித்துச் சொன்னார்.

மொத்தச் செலவு: தனியார் கிளினிக்குகளில் 750 வெள்ளிக்கு மேல், அரசாங்கத்தில் ஸ்கேன், கல்ச்சர், மருந்து எல்லாம் சேர்த்து நூறு வெள்ளிகூட ஆகவில்லை. காசுக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. கையில் காசு இருந்தால் தனியாரில் பொது மருத்துவ நிபுணரிடமோ தொற்றுநோய் நிபுணரிடமோ நேராகப் போங்கள், தப்பில்லை. ஒரே கிளினிக்கில் மூன்றாவது ஆன்டிபயோட்டிக் வாங்காதீர்கள், அவ்வளவுதான் நான் கெஞ்சிக் கேட்பது. போகும்போது செய்கிற வேலை, போன இடம், தொட்ட பிராணி, குடித்த பால், சாப்பிட்ட நாட்டு மருந்து எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு போங்கள். உங்கள் வீட்டுப் பிராணி மட்டும் இல்லை, மச்சான் வீட்டு ஆடும் கணக்கில் சேரும். மூச்சுத் திணறல், தலை சுற்றி விழுவது, பேச்சுக் குழறுவது, ரத்தக் கசிவு இருந்தால் நோட்டும் வேண்டாம் நம்பரும் வேண்டாம், நேராக அவசரப் பிரிவு.

மச்சானையும் கூப்பிட்டுப் பரிசோதித்தார்கள். ஐந்து மாதமாக முதுகு வலி என்று தைலம் தேய்த்துக்கொண்டிருந்தவர், அவருக்கும் அதுவேதான், அவரும் ஆறு வாரம் மாத்திரை. கால்நடைத் துறைக்காரர்கள் வந்து 17 ஆட்டுக்கும் ரத்தம் எடுத்து, நோய் இருந்த ஐந்தைக் கொண்டுபோய்விட்டார்கள். அதில் ஒன்று அத்தை பேர் வைத்து வளர்த்தது. மச்சான் இரண்டு வாரம் எங்களோடு பேசவில்லை. இப்போது பேசுகிறார், போன ஞாயிறு பாலும் கொண்டுவந்தார், அத்தை அதை வாங்கி மூன்று முறை பொங்கவிட்டுத்தான் டம்ளரில் ஊற்றினார்.

என் வீட்டுக்காரருக்கு அடுத்த செக்கப் ஆகஸ்டில். நோட்டையும் எடுத்துவரச் சொல்லியிருக்கிறார்கள், இன்னும் வாரத்துக்கு இரண்டு நாள் சாயங்காலம் வைத்துப் பார்த்து எழுதுகிறேன். நேற்று 36.8.